இரண்டு மில்லிமீட்டர் இரும்பு

வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கே மழை நாளில் தோட்டப் பாதையில் வண்டி ஏற்றியவர்களுக்கு ஈரக் களிமண்ணின் குணம் தெரியும். அந்த மண்ணில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம், சக்கரம் தாங்கும் எடையில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டியில் எடையின் பாதிதான் அவற்றின்மேல் இருக்கிறது. எனவே பிடிமானமும் பாதிதான். ஆறரை அடிக்கு ஓரடி உயரும் சரிவு வந்தால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. நான்கு சக்கரமும் உந்தினால் எடை முழுவதும் பிடிமானமாகிவிடும். அப்போது மூன்றரை அடிக்கு ஓரடி உயரும் சரிவிலும் ஏறலாம். எஞ்சின் அதேதான், டயர் அதேதான், டிரைவரும் அவரேதான். ஏறக்கூடிய மலை மட்டும் இரண்டு மடங்கு செங்குத்தாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத் துரைமாரை லேண்ட் ரோவர் வாங்க வைத்தது இந்தக் கணக்குத்தான். டிவிஷனுக்கும் ஸ்டோருக்கும் இடையே காலமெல்லாம் ஓடிவிட்டு, பல கை மாறி, இன்று அவை ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை கராஜ்களில் நிற்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் வந்த ஐந்தாண்டில் பழைய ஜீப்பை உடைத்துப் போட யாருக்கும் துணிவில்லை. தகடு ஒட்டி, பற்றவைத்து, வேறு எஞ்சின் ஏற்றி ஓட்டினார்கள். அதனால் விற்பனைக்கு வரும் ஜீப்பில் நோயில்லாதது அரிது. “சின்னச் சின்ன வேலைதான் அண்ணே, ஓட்டிக்கிட்டே செஞ்சுக்கலாம்” என்பார் விற்பவர்.

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எது சின்ன வேலை, எது பெரிய வேலை என்பதை வண்டியின் உடம்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். 1971 முதல் 1985 வரை தயாரான லேண்ட் ரோவர் சீரீஸ் 3 டீசல் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கற்பதை மற்ற ஜீப்புகளுக்கும் பெரும்பாலும் பொருத்திப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சத்தம் போடும், புகை கக்கும், ஒழுகும் கோளாறுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். வாங்குவதா, விடுவதா என்று தீர்மானிப்பது சத்தமே போடாத ஒரு கோளாறு.

இந்த வண்டி பிறந்தது தட்டுப்பாட்டில். 1947இல் இங்கிலாந்தின் ரோவர் கம்பனியில் பொறியியல் பொறுப்பிலிருந்த மொரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஓடிய அமெரிக்க இராணுவ ஜீப்புக்கு மாற்றாக ஒன்றைச் செய்ய நினைத்தார். போர் முடிந்த காலம், உருக்குக்குப் பங்கீடு. விமானத் தொழிற்சாலைகளுக்கு வேண்டாமற்போன அலுமினியம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். வளைவு நெளிவுக்கு விலையுயர்ந்த அச்சுகள் வேண்டும் என்பதால் தகடுகளைத் தட்டையாகவே விட்டார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்தச் சதுர வடிவம், கடைசி வண்டி 2016 ஜனவரியில் வெளிவரும்வரை பெரிதாக மாறவில்லை. அதற்குள் 20 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள்.

அந்த அலுமினியம் நம் மலைநாட்டு ஈரத்தில் இன்னும் நிற்பது எப்படி? காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஒரு படலம் உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் சில கூறுகள்தான் அதன் தடிப்பு. கீறினால் அந்த இடத்தில் உடனே புதுப்படலம் வந்து மூடிக்கொள்கிறது. ஆகவே ஜீப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காரில் காந்தம் ஒட்டாத இடத்தில் சந்தேகம் வரும். இங்கே ஒட்டும் இடத்தில் வர வேண்டும். மட்கார்டில் காந்தம் ஒட்டினால், யாரோ இரும்புத் தகடு வைத்து டிங்கர் வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவின் அடியில், அலுமினியமும் இரும்புச் சட்டமும் சேரும் விளிம்பில், வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அது மின்வேதி அரிப்பு. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் சிறு மின்கலமாகிறது. இரண்டில் ஒன்று கரைந்துபோகிறது. இங்கே கரைவது அலுமினியம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கதவு நான்கைந்து போல்ட்டில் கழன்று வந்துவிடும். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் கியர் தடிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், மற்றதன் தலையில் சிவப்புக் குமிழ். இரண்டும் இறங்குவது கியர் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் பகிர்வுப் பெட்டிக்குள். எஞ்சினின் வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்பும் பெட்டி அது; கராஜில் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். மஞ்சளை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து உந்தத் தொடங்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் லோ கியர் விழும். அப்போது மஞ்சளைத் தொடாமலே முன்சக்கரங்களும் தாமாகச் சேர்ந்துவிடும். வலு மிகும்போது பின் அச்சு தனியாக அதைச் சுமந்து முறிந்துவிடக் கூடாது என்று இப்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. சில இரும்புக் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் அந்த முடிவை எடுக்கின்றன.

லோவில் முதல் கியர் போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கியர் பெட்டி சுழற்சியை ஏறத்தாழ 3.7 பங்கு குறைக்கிறது, பகிர்வுப் பெட்டி 2.35 பங்கு, அச்சிலுள்ள பல்சக்கரம் 4.7 பங்கு. பெருக்கினால் 40ஐத் தாண்டுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றும்போது சக்கரம் சுற்றுவது 25 முறைகூட இல்லை. வண்டி மணிக்கு மூன்றேகால் கிலோமீட்டரில் ஊர்கிறது. கூடை சுமந்து நடப்பவர்கூட முந்திப் போய்விடலாம். குறைந்த வேகம் அத்தனையும் வலுவாகிறது: உராய்வில் போவது போக, எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 40 மடங்காகிச் சக்கரத்தை அடைகிறது. இதைச் சோதிக்க இறக்கம்தான் நல்லது. லோவில் இரண்டாம் கியரில் இறங்கும்போது அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் தடி தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே பற்களோ பியரிங்கோ தேய்ந்திருக்கிறது. வேலை இருக்கிறது, ஆனால் கழற்றிப் பூட்டும் வேலைதான்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. ஜீப் முழுதாகத் திரும்பி எதிர்த்திசை பார்க்கும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட வில்லில் ஓட வேண்டும். எவ்வளவு நீளம்? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள அகலம் 1.31 மீட்டர், அதை π (பை) என்ற எண்ணால் பெருக்கினால் 4.1 மீட்டர். வளைவு குறுகலோ விசாலமோ, விடை மாறுவதில்லை. இறம்பொடைச் சாலையின் ஒவ்வொரு முழு வளைவிலும் வெளிச்சக்கரம் நான்கு மீட்டருக்குமேல் கூடுதலாக ஓடுகிறது. ஒரே தண்டில் இறுகப் பூட்டிய சக்கரங்களால் அது முடியாது. அதைச் செய்வது வேறுபாட்டுப் பல்லிணை, அதாவது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விட்டுக்கொண்டே இரண்டையும் உந்தும் பற்சக்கரத் தொகுதி. டிஃபரன்ஷல் என்று கேட்டிருப்பீர்கள். இரண்டு நூற்றாண்டுப் பழைய யோசனை. இன்றும் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் அதுவே ஓடுகிறது.

சீரீஸ் 3இல் முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என இரண்டு டிஃபரன்ஷல்கள் உண்டு. அச்சுகள் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கிடையாது. இதனால் வருவது ஒரு வினோதம். பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன் அச்சின் நடு 6.4 மீட்டர் ஆரத்தில் போகிறது. அரை வட்டத்தில் முன் அச்சு ஒன்றேகால் மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். ஆனால் மஞ்சள் குமிழ் அழுத்தியிருந்தால் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பகிர்வுப் பெட்டியிலிருந்து அச்சுகளுக்குப் போகும் முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் இடையே இரண்டரைச் சுற்றுக்கு மேல் கணக்கு உதைக்கிறது. சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது; தண்டுகளும் பற்களும் முறுக்கேறி இறுகுகின்றன, மஞ்சள் குமிழும் எழும்ப மறுக்கிறது.

எனவே நகரத்துத் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக் காட்டும் விற்பனையாளர் உங்களுக்கு எதையும் நிரூபிக்கவில்லை, வண்டியைத்தான் வதைக்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் மண்பாதைக்கு ஓட்டிப் போகச் சொல்லுங்கள். அங்கே மஞ்சளை அழுத்தி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல ஏறுங்கள். கையில் ஒரு துடிப்புத் தெரியும். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், உந்தவும் வேண்டும். அதற்காக அச்சுத் தண்டில் சிலுவை வடிவ இணைப்பொன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கின் பெயர் அதற்கு. 30 பாகை கோணத்தில் மடங்கியிருக்கையில், உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறைகிறது. ஏறத்தாழ 15 சதவீதம் மேலே, 13 சதவீதம் கீழே. அந்த மெல்லிய துடிப்பு அதன் இயல்பு. அதோடு ‘டக் டக்’ என்ற உலோகச் சத்தமும் வந்தால் சிலுவை தேய்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி முன்சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் பளபளப்பான உருண்டையைத் தடவிப் பாருங்கள். குரோம் பூச்சில் அம்மைத் தழும்புகள் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒயில் கசியும். உருண்டையையே மாற்ற வேண்டும். இதுவும் கழற்றிப் பூட்டும் கணக்கில் சேரும்.

எஞ்சினுக்கு வருவோம். அதைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நின்றால், தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது அந்த வீட்டில் வழக்கமா என்று கேளுங்கள். பொனட்டில் கையை வையுங்கள்; சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஒருதரம் ஓட வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? டீசல் எஞ்சினில் நெருப்பு மூட்டத் தனியாக ஒரு பொறி கிடையாது. இந்த எஞ்சின் காற்றை 23இல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. அமுக்கிய காற்று 500 பாகைக்கு மேல் சூடேறி, தெளித்த டீசலைத் தானே பற்றவைக்கிறது. அந்த அமுக்கம் வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கிக் காட்டுகிறது. உள்ளே போகும் காற்று 10 பாகை குளிர்ந்திருந்தால் உச்சத்தில் ஏறத்தாழ 30 பாகை குறைந்துபோகிறது. இதற்குமேல், குளிர்ந்த சிலிண்டர் சுவரும் வெப்பத்தை உறிஞ்சும். தேய்ந்த ரிங்குகளின் இடுக்கில் காற்றும் தப்பிவிடும். கொழும்பில் ஒரே உதையில் உயிர்பெறும் எஞ்சின், நுவரெலியாவின் ஜனவரி விடியலில் வெள்ளைப் புகையை மட்டும் விட்டுக்கொண்டு முனகுவது இதனால்தான். எரியாத டீசலின் ஆவியே அந்த வெள்ளை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்பு, காற்றுக்கு மிஞ்சிய டீசல். ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். கீழ்நாட்டில் சரிசெய்த பம்ப் இங்கே கொஞ்சம் கறுப்பாகத்தான் விடும். அதை எஞ்சினின் குற்றமாக எழுதக் கூடாது.

அதே உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலையேறும் எஞ்சினுக்கு அது போதாது. ரேடியேட்டர் மூடியிலுள்ள சிறு ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தை அடைத்து வைத்து, கொதிநிலையை 110 பாகைப் பக்கம் தள்ளிவிடுகிறது. உள்ளங்கை அகல மூடி ஒன்று பதினைந்து பாகைக்குமேல் சம்பாதித்துத் தருகிறது! “ஏத்தத்துல சூடாகுது” என்று விலை குறைத்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூடி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக எரிவாயு கசிகிறது. குமிழி இல்லையென்றால் மூடியையும் ஹோஸையும் மாற்றினாலே போதுமாயிருக்கலாம்.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள ஜீப் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குகையில் 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு 50 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எஞ்சின் பிடித்து நிறுத்தாத பங்கு முழுவதும் பிரேக் டிரம்களுக்குள் போகிறது. டிரம் 200 பாகை சூடேறினால் அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே போவதை உங்கள் கால் உணரும். பிரேக் ஒயிலோ நம் ஈரக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும் பண்டம். புதிதில் 205 பாகைக்கு மேல் கொதிப்பது, நீர் சேர்ந்தபின் 140இலேயே கொதிக்கக்கூடும். குழாய்க்குள் ஆவி வந்தால் பெடல் வெறுமனே அமுங்கும். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை ஒயில் மாற்றுவதுதான், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும்.

இதுவரை பார்த்ததெல்லாம் தன் நோயைத் தானே சொல்லும் பாகங்கள். இனிமேல் சாக்கு விரித்து வண்டிக்கடியில் படுக்க வேண்டும்.

எஞ்சினையும் அச்சுகளையும் உடம்பையும் சுமப்பது செசி. உருக்குத் தகடுகளை நான்கு பக்கமும் பற்றவைத்துச் செய்த, உள்ளே வெற்றிடமான இரண்டு நீண்ட பெட்டிகள், நடுவே குறுக்குச் சட்டங்கள். தகட்டின் தடிப்பு இரண்டு மில்லிமீட்டர்தான். அத்தனை மெல்லிய தகடு தோட்டப் பாதையின் பள்ளங்களை எப்படித் தாங்குகிறது? வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டி, இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். இனி நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு முறுக்குங்கள், குழைந்துவிடும். தாள் அதேதான், எடையும் குறையவில்லை. மூடிய வட்டம் திறந்துவிட்டது, அவ்வளவுதான். 80 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிப்புமுள்ள இரும்புப் பெட்டிக்கு இதைக் கணக்கிட்டால், நீளவாக்கில் பிளந்த பெட்டி முறுக்கை எதிர்க்கும் திறன் மூடிய பெட்டியினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு முன்சக்கரம் கானுக்குள் இறங்கி எதிர்ப் பின்சக்கரம் கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் செசியைப் பிழிவது இந்த முறுக்குத்தான்.

துரு அந்தப் பெட்டியை உள்ளிருந்து தின்கிறது. சேறும் நீரும் ஓட்டைகள் வழியே நுழைகின்றன. வெளியே காய்ந்தாலும் உள்ளே காய்வதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால் தகடு அடுக்கடுக்காக உப்புகிறது, பற்றவைத்த தையல் பிரிகிறது. தோட்ட ஜீப்புக்குத் தனியாக ஓர் எதிரியும் உண்டு: உரம். பின்னால் ஏற்றிய அமோனியம் சல்பேட் மூட்டையிலிருந்து சிந்தியது ஈரத்தில் கரைந்து, பின் குறுக்குச் சட்டத்தில் தங்கி உருக்கை அரிக்கிறது. இத்தனைக்கும் வண்டி அமைதியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். புகை வராது, சத்தம் வராது, மீட்டரில் எந்த முள்ளும் அசையாது.

சிறு சுத்தியலால் ஓரடிக்கு ஒரு தட்டு வீதம் செசி முழுவதும் தட்டிப் போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். ‘தப்’ என்று மந்தமாகக் கேட்டால் அங்கே திருப்புளியை ஊன்றுங்கள், உள்ளே இறங்கலாம். ஸ்பிரிங் தகடுகள் செசியோடு சேரும் இடங்களையும் பின் குறுக்குச் சட்டத்தையும் இருமுறை தட்டுங்கள். அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பூசியிருந்தால் இன்னும் பொறுமையாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் ஓட்டை என்றால் வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைக்கலாம். துருமேல் துண்டு, துண்டுமேல் துண்டு என்று ஒட்டியிருந்தால் பற்றவைப்பைத் தாங்க அடியில் நல்ல இரும்பே மிஞ்சவில்லை. அந்த வண்டியின் எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் நான் வாங்கமாட்டேன்.

மறுபுறம், செசி ‘ணங்’ என்றால் மற்ற நோய்ப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பேச இடமிருக்கிறது. டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சனில் 1950களின் லேண்ட் ரோவர்கள் 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூவுக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. பலவற்றில் இப்போது இருப்பது மஹிந்திரா எஞ்சின். நம் கராஜ்களில் ஜப்பானிய எஞ்சின் ஏற்றுவதும் இதே வழிதான். கழற்றிப் பூட்டக்கூடிய எதுவும் இந்த வண்டிக்கு உயிர்நிலை அல்ல. செசியைக்கூடத் துத்தநாகப் பூச்சோடு புதிதாகச் செய்து இங்கிலாந்தில் விற்கிறார்கள். கதவடியில் அலுமினியத்தைக் கரைத்த அதே மின்வேதி அரிப்பு அங்கே காவலாளியாகிறது: துத்தநாகம் தான் கரைந்து உருக்கைக் காக்கிறது. அதை வரவழைக்கும் செலவு வண்டியின் விலையோடு போட்டிபோடும் என்பது வேறு கதை.

எழுந்திருக்குமுன் வலது முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் செசிக் கொம்பைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். செசி இலக்கம் பொறித்திருப்பது அங்கேதான். சக்கரம் வாரியடிக்கும் சேறு முதலில் படுவதும், துரு சீக்கிரம் பிடிப்பதும், கராஜில் வெட்டிப் புதிதாக ஒட்டுவதும் அதே கொம்புதான். எஞ்சினை மாற்றியிருந்தால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்து புத்தகத்தில் ஏற்றலாம். புத்தகத்திலுள்ள செசி இலக்கம் இரும்பில் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது வேறு வண்டி. இலக்கத்தைப் படம் எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கையைக் கழுவிக்கொண்டு, தேநீர் வரச் சொல்லி, விலை பேசத் தொடங்கலாம்.